கைதூக்கியவரின் கணக்கு

பாராளுமன்றத்தில் ஓர் அங்கத்தவர் ஒரு மசோதாவுக்கு ஆதரவாகக் கைதூக்குகிறார். அதற்கு அவர் அடுத்த தேர்தலில் மக்கள்முன் பதில் கூறியாக வேண்டும். பதில் திருப்தி தராவிடில் மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவர். பிரதிநிதித்துவ சனநாயகம் பற்றி நாம் வகுப்பறைகளில் கற்பிக்கும் விளக்கம் இது. இவ்விளக்கத்தினுள்ளே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. தீர்ப்புக் கூறவேண்டியவன் அடுத்த தேர்தல் வரையில் இருப்பான், வாக்காளனாகவே இருப்பான் என்பதே அது. போருக்குப் பணம் ஒதுக்கக் கைதூக்கியவரை, அப்போரில் மாண்டவன் எந்தத் தேர்தலில் தோற்கடிப்பான்? மலைநாட்டிலோ, உயிரோடிருந்த மக்களுக்கே இக்கதி நேர்ந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா முதலிய தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் அங்கத்தவர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95 தொகுதிகளில் 42 மட்டுமே கிட்டின. மறு ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் திகதி பிரஜாவுரிமை மசோதா 53க்கு 35 என்ற வாக்குகளால் நிறைவேறிற்று. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜைகளல்லாதார் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அவ்வேழு தொகுதிகளில் ஒன்றிலேனும் காங்கிரஸ் அங்கத்தவர் இல்லை. கைதூக்கிய கனவான்கள், தம்மை விசாரிக்க உரிமை பெற்றிருந்த நீதிமன்றத்தையே கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போனார்கள். அவ்வாண்டு பிரதமர் அலுவலகத்தின் முன்னே சத்தியாக்கிரகம் இருப்பதைத் தவிர அத்தொழிலாளருக்கு வேறு வாக்குச்சீட்டு இருக்கவில்லை.

தோட்டத்தில் கணக்கு எப்படி நடக்கிறது என்பதையும் இங்கே நினைக்கலாம். காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணிக்கை. மாலையில் தராசில் கொழுந்து. நிறை குறைந்தால் அரைப்பேர். மழை பெய்தது, மலை செங்குத்து என்ற காரணங்களெல்லாம் கங்காணியிடம் எடுபடுவதில்லை. ஓர் இறாத்தல் கொழுந்துக்கு அன்றைக்கே பதில் சொல்லும் பெண்ணின் நாட்டுரிமையைப் பறித்தவர்கள், ஆயுள் முழுவதும் பதில் சொல்லாமலே வாழ்ந்து முடித்தார்கள்.

ஆயினும் கணக்குக் கேட்பவரும் கணக்கைச் சரியாக வைத்திருத்தல் வேண்டும். மலைநாட்டில் இன்றும் முதலில் குற்றம் சாட்டப்படும் பெயர் ஜி. ஜி. பொன்னம்பலம். ஆகஸ்டில் அவர் மசோதாவை எதிர்த்தே வாக்களித்தார். செப்டெம்பரில் மந்திரியானார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது ஆதரவாகக் கைதூக்கினார். அவரைப் பழிப்போர் முதல் வாக்கை மறைக்கின்றனர்; அவருக்காக வாதாடுவோர் இரண்டாவதை மறைக்கின்றனர். அந்த இரண்டாம் சட்டத்தின்கீழ் எட்டேகால் இலட்சம்பேர் அளவில் விண்ணப்பித்து, சுமார் 1,34,000 பேரே பிரஜைகளாயினர். செல்வநாயகம் கட்சியை விட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இவ்வாக்கு ஒரு முக்கிய காரணம்.

பொன்னம்பலத்தின் அன்பர்கள் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் வாழைச்சேனைக் காகித ஆலையையும் எடுத்துக்காட்டுவர். நல்ல ஆலைகளே. ஆனால், காங்கேசன்துறையில் ஒருவனுக்குக் கிடைத்த வேலையைக் கொண்டு தலவாக்கலையில் ஒருத்தி இழந்த குடியுரிமையைக் கழித்துவிட முடியுமா? கடன் ஒருவனிடம் வாங்கி, வட்டியை மற்றொருவனிடம் கட்டுகின்ற கணக்கல்லவா இது!

1914 ஆகஸ்ட் 4ஆம் திகதி, ஜெர்மன் பாராளுமன்றத்தில் சமூக சனநாயகக் கட்சி போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. உள்ளே எதிர்ப்பிருந்தும், கட்சிக் கட்டுப்பாட்டுக்காகக் கார்ல் லீப்னெக்டும் உடன் நின்றார். அவ்வாக்கு அவர் பெயரில் இருக்கிறது. நாமும் அதை அழிக்கவேண்டாம். டிசம்பர் 2ஆம் திகதி மீண்டும் கடன் கேட்கப்பட்டபோது அவர் ஒருவரே எதிர்த்து நின்றார். பின்னர் சிறையும் சென்றார். அவருடைய இரண்டாம் வாக்கு முதல் வாக்கைத் திருத்திற்று. பொன்னம்பலத்தின் இரண்டாம் வாக்கோ முதல் வாக்கை விற்றது. வரிசை மாறினால் மனிதனின் பெறுமதியும் மாறுகிறது என்றே எமக்குத் தோன்றுகிறது. ஒரு வாக்கைத் தனியே பிடுங்கியெடுத்து நிறுப்பது போதாது. விளைவு கண்முன் தெரிந்தபின் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதையும் தராசில் வைக்கவேண்டும்.

இதே தராசு நமது மலைநாட்டுத் தலைவர்களுக்கும் உரியது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் 1999இல் மறையும்வரை, ஆட்சி மாறியபோதும் அமைச்சராகவே இருந்தார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தோர் பலருக்குப் பிரஜாவுரிமை வழங்கியதில் அவரது பேரம்பேசலுக்குப் பங்குண்டு. நன்றியோடு ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே அமைச்சரவைகளே வடக்கிலும் கிழக்கிலும் போர் நடத்தின. மாதந்தோறும் அவசரகால நிலையை நீடிக்கப் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் கோரின. அச்சட்டங்களின்கீழ் மலையக இளைஞரும் சிறையில் வாடினர். பொன்னம்பலத்திடம் மலைநாடு கேட்ட அதே கேள்வியை யாழ்ப்பாணத்தான் ஒருவன் தொண்டமானின் கட்சியிடம் கேட்டால், "அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு" என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாகாது. மாதாமாதம் யார் எப்பக்கம் நின்றார் என்பது ஹன்சார்டில் கிடக்கிறது. நாம்தான் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

இனி நம்மவர் கதை. 1948இல் இடதுசாரிக் கட்சிகள் அனைத்தும் அந்த மசோதாவை எதிர்த்தன. அந்த வாக்கு நமக்குப் பெருமை. அதை மேடைதோறும் சொல்லி வந்திருக்கிறோம். 1964 ஜூனில் லங்கா சமசமாஜக் கட்சி சிறிமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தது, என். எம். பெரேரா நிதியமைச்சரானார், இன்னும் இருவர் மந்திரிகளாயினர். அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று மனிதர் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. மந்திரிசபையிலிருந்த தோழர் மூவரும் பதவி துறக்கவில்லை. ஏகாதிபத்திய எதிர்ப்பு, கூட்டரசாங்கத்தின் தேவை என்றெல்லாம் அன்று நியாயம் கூறப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நல்ல வாக்கு, அப்போதைய மௌனத்துக்குப் பிணை நிற்குமா? பொன்னம்பலத்துக்கு ஒரு நீதி, பெரேராவுக்கு வேறொரு நீதி என்று நாம் வைத்துக்கொண்டால், மாணவர் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

அம்மூவரிடம் கணக்குக் கேட்டிருக்கக்கூடியவர்களில் பலர் தலைமன்னாரில் கப்பலேறிப் போனார்கள். நீலகிரியில் தமிழக அரசு 1968இல் அவர்களுக்கென்றே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் சிலர் மீண்டும் கொழுந்துக் கூடை சுமந்தனர். 2003 அக்டோபரில், இங்கே எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. 1948இல் கைதூக்கிய 53 பேரில் ஒருவரும் அன்று அச்சபையில் இருக்கவில்லை.