அடுத்த வீட்டு விருந்தில் ஒரு பொய்

அமெரிக்காவில் மகனோடோ மகளோடோ சில மாதம் தங்கப் போகும் பெற்றோருக்கு, அடுத்த வீட்டார் சாப்பிடக் கூப்பிடுவது பெரிய விஷயம். பகலெல்லாம் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. கார் ஓட்டத் தெரியாதவர்கள் கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போக முடியாது. அப்படி இருக்கையில், நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு, "அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று அழைப்பு வருகிறது. பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தார் மட்டும் கூடி உண்ணும் நாள் அது. அன்று வெளியாருக்கு இரண்டு நாற்காலி போடுகிறார்கள் என்றால் அது சாதாரண அன்பு இல்லை.

மேஜை நடுவில் முழு வான்கோழி. அதன் வயிற்றுக்குள் வைத்து வேகவைத்த ரொட்டித் துண்டுகள். உருளைக்கிழங்கு மசியலின் மேல் ஊற்றிக்கொள்ள, வான்கோழியிலிருந்து வடிந்த சாற்றில் செய்த குழம்பு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருக்கிறதே என்று கை நீட்டினால், அதன் மேல் பொன்னிறமாக உருகி நிற்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும். பன்றித் தோலிலிருந்தும் மாட்டெலும்பிலிருந்தும் எடுக்கிற பொருள் அது. பூசணிக்காய்ப் பை என்ற இனிப்பின் அடிமாவில் சில வீடுகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். ஆயுள் முழுதும் சைவமாக இருந்த ஒரு தாய்க்கு நம்பி எடுத்துப் போட்டுக்கொள்ள அங்கே அதிகம் மிஞ்சாது.

இந்த இடத்தில் பல பிள்ளைகள் முந்திக்கொண்டு, "அம்மாவுக்கு இறைச்சி அலர்ஜி" என்று சொல்லிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் டாக்டர் மேல் பழியைப் போடுகிறார்கள். யார் மனமும் நோகவில்லை, பேச்சும் வளரவில்லை. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் இடமுண்டு என்று வள்ளுவரே விலக்குத் தந்திருக்கிறாரே என்று வாதாடவும் வழி இருக்கிறது. ஆனால் அந்த விலக்கின் உயிரே 'குற்றமற்ற' என்பதுதான். இந்தப் பொய் அதில் தேறாது.

அலர்ஜி என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. எட்டு உணவுப் பொருள்களை உறையில் கண்டிப்பாகக் குறிப்பிட வேண்டும் என்று 2004-இல் சட்டம் வந்தது. 2021-இல் வந்த சட்டத்தால் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்து, 2023 ஜனவரி முதல் அதையும் குறிப்பிட வேண்டியதாயிற்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் விருந்து வைப்பவர் பாத்திரத்தை மறுபடி தேய்ப்பார், கரண்டியை மாற்றுவார், கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படிப்பார். வராத ஆபத்துக்காக ஒருவரை இப்படிப் பயப்பட வைக்க யாருக்கும் உரிமை இல்லை. வான்கோழிக் குழம்பில் கிடந்த கரண்டியாலேயே அந்த அம்மா மசியல் எடுத்துச் சாப்பிடுவதை அவர் பார்த்துவிட்டால், அடுத்த முறை உண்மையான நோயாளி சொல்லும்போது அந்த அக்கறை கொஞ்சம் குறையும்.

இதைவிடப் பெரிய தவறு அம்மாவுக்கு இழைக்கப்படுகிறது. உயிரைக் கொன்று தின்பதில்லை என்று தானாக ஏற்று, அறுபது எழுபது வருடம் காத்த நெறி அவருடையது. ஒரே வாக்கியத்தில் அவரை நோயாளி ஆக்கிவிடுகிறார் பெற்ற பிள்ளை. ஆங்கிலம் தெரியாததால் தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்றுகூட அவருக்குத் தெரியாது. இதைச் சொல்ல வைப்பது பெரும்பாலும் வெட்கம். அம்மாவின் பழக்கத்தைப் பற்றி வெட்கப்பட எதுவும் இல்லை.

1888-இல் லண்டன் போன காந்தியை ஒரு நண்பர் ஹோல்பர்ன் என்ற பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனார். அத்தனை பேர் நடுவில் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு வைத்ததைச் சாப்பிட்டுவிடுவார் என்பது நண்பரின் கணக்கு. சூப் வந்தது. காந்தி பரிமாறுபவரைக் கூப்பிட்டு, அது காய்கறிச் சூப்தானா என்று விசாரிக்கப் பார்த்தார். நண்பர் கோபத்தில் வெளியே போகச் சொல்லிவிட்டார். காந்தி எழுந்து போனார். அருகிலிருந்த சைவ உணவகம் மூடியிருந்ததால் அன்றிரவு பட்டினி. பிறகு இருவரும் சேர்ந்தே நாடகத்துக்குப் போனார்கள், நட்பும் தொடர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தி செய்தது இதன் மறுபக்கம். ஞாயிறுதோறும் விருந்துக்குப் போன ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில், ஐந்து வயதுச் சிறுவனிடம் தட்டிலிருந்த இறைச்சியை இகழ்ந்து ஆப்பிளைப் புகழ்ந்தார். பையன் இறைச்சி வேண்டாம் என்று தயங்க ஆரம்பித்தான். தாய் வருத்தப்பட்டுச் சொன்னதும், நட்பு இருக்கட்டும், இனி வருவதை நிறுத்திக்கொள்கிறேன் என்று காந்தி ஒதுங்கினார். தன் நெறியை விடாமலிருப்பது விருந்தாளியின் உரிமை. அழைத்தவர் தட்டைப் பழிப்பது உரிமை ஆகாது.

கொடுத்ததை ஏற்பதே பெரிது என்ற மரபுகளும் உண்டு. தனக்காகக் கொன்றதாகப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் புத்த பிக்கு இறைச்சிப் பிச்சையையும் ஏற்கலாம். அழைத்தவர் பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் உண்ணும்படி விவிலியத்தில் பவுல் கொரிந்து நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதினார். இவற்றிலிருந்து சைவரும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிட்டால், மேஜையில் உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை. சொன்னதைக் கேட்டு அக்கறையோடு சமைத்தவர் கவனிக்காமல் விட்ட ஒரு துளியால் யாருடைய நோன்பும் கெட்டுவிடாது.

நம் ஊரில் உணவை மறுப்பதற்கு இன்னொரு வரலாறு உண்டு. அதைப் பேசாமல் இதைப் பேச முடியாது. "அவர்கள் வீட்டில் கை நனைக்க மாட்டோம்" என்று சொல்பவர் சோற்றைத் தள்ளவில்லை, மனிதரைத் தள்ளுகிறார். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்துச் சோறு போட்டதுதான் 1920-களில் தமிழ்நாட்டையே கொந்தளிக்க வைத்தது. அந்தப் பழக்கம் விமானம் ஏறியும் போகிறது. அதே பழம், அதே ரொட்டி வேறொரு வீட்டில் என்றால் சாப்பிடுவாரா என்று கேட்டால் தெரிந்துவிடும். சாப்பிடுவார் என்றால் அது நெறி இல்லை, தீட்டு. அதற்கு எந்த மரியாதையும் தர வேண்டியதில்லை. அலர்ஜி என்ற பொய், நோன்பு காப்பவருக்கும் தீட்டுப் பார்ப்பவருக்கும் ஒரே சாக்காகிவிடுகிறது.

நம்மை அழைத்த அடுத்த வீட்டார் ஒருநாள் நம் வீட்டுக்கும் சாப்பிட வருவார்கள். குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி கண்ணுக்குத் தெரியாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், தாளிப்பது நல்லெண்ணெயில். அவர்கள் குழந்தைக்கு எது ஆகாது என்று கேட்டு, சமையல் தொடங்கும் முன்பே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அழைப்பு வந்த அன்றே, பதில் அனுப்பும் முன், "என்னம்மா சொல்லட்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள்.