வீட்டைக் காக்கிறவன் யார்?



2022-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி வெளிவந்த 'விக்ரம்' படத்தை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். லோகேஷ் கனகராஜ் இயக்கி, கமல் ஹாசன் நடித்தது. உத்தியோகத்தை விட்டு மறைந்து வாழும் இரகசிய அதிகாரி ஒருவர். அவருடைய மகனைப் போதைமருந்துக் கும்பல் கொன்றுவிடுகிறது. மிஞ்சிய மருமகளையும் கைக்குழந்தையான பேரனையும் காக்க அவர் போராடுவதே கதை.

வாலிபர்கள் துப்பாக்கிச் சண்டைக்குக் கைதட்டினார்கள். நானோ வேறொன்றை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அந்தக் குழந்தைக்கு இருதய நோய். பெருஞ்சத்தம் கேட்டால் உயிருக்கே ஆபத்து.

சகோதரரே, நம் வீட்டுப் பிள்ளைகளின் இருதயம் மாத்திரம் இரும்பாலானதோ? இரவு பத்து மணிக்குத் தகப்பன் தள்ளாடி வந்து கதவை உதைக்கும்போது, பாயில் கிடக்கும் பிள்ளை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நடுங்குகிறதே! படத்தில் வீரன் குடிகாரன் வேஷம் போட்டான். நம் தெருவிலோ குடிகாரன் வீரன் வேஷம் போடுகிறான்.

2023-ம் ஆண்டு மே மாதத்தை மறந்துவிட்டோமா? நமது ஜில்லாவில் மதுராந்தகம் பக்கத்திலும், கடற்கரையோடே தெற்கே போனால் வரும் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், மெத்தனால் கலந்த சாராயத்தால் 20-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். மெத்தனால் சரீரத்துக்குள் பார்மிக் அமிலமாக மாறி, கண் பார்வையைக் கெடுத்து, உயிரையும் வாங்கிவிடும். அந்த வீடுகளுக்குத் துப்பாக்கி ஏந்திய கும்பல் எதுவும் வரவில்லை. சத்துருவை வீட்டுக்காரனே காசு கொடுத்து வாங்கினான்.

"கடைச் சரக்கில் அந்த விஷம் இல்லையே, சுவாமி" என்பீர்கள். மெய்தான். அது ஒரே இரவில் கொல்லாது. பத்து வருஷம் எடுத்துக்கொள்ளும். முதலில் மனைவியின் தாலிக்கொடி போகும், அப்புறம் பிள்ளையின் படிப்பு, கடைசியில் ஈரல்.

2002-ல் உண்டான நமது செங்கற்பட்டு மேற்றிராசனத்தின் தலைமைக் கோவில் அர்ச். சூசையப்பர் பெயரால் விளங்குகிறது. 1870-ல் 9-ம் பத்திநாதர் பாப்பானவர் அவரைத் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார். ஏரோது பாலனைக் கொல்லத் தேடியபோது அவர் வாளை எடுக்கவில்லை. சம்மனசு கனவில் எச்சரித்த அந்த இரவே எழுந்தார். பாலனையும் தாயையும் கூட்டிக்கொண்டு எஜிப்துக்கு நடந்தார். அவர் பேசிய ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷத்தில் எழுதப்படவில்லை. சத்தமில்லாமல் காத்தவர் அவர். குடிவெறியில் கிடப்பவனைச் சம்மனசு எழுப்பினாலும் அவன் எழுந்திருப்பானா?

ஆகையால் தகப்பன்மாரே, இந்தச் சனிக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். கூலி வாங்கியவுடன், கரையில் மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரித்தவுடன், நேரே வீட்டுக்கு வாருங்கள். பணத்தை மனைவி கையில் கொடுங்கள். பிள்ளைகளோடு முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுங்கள். நெடுநாள் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். வெட்கப்படாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன்.

அர்ச். சூசையப்பர் உங்கள் குடும்பங்களைக் காப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி