உடையவர் யார்?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு முதன்முதலில் எதிர்ப்படும் வினைச்சொற்களுள் 'ஹேவ்' என்பது ஒன்று. வீடும் நிலமும் உடையவராயிருப்பதையும், காய்ச்சலும் தலைவலியும் கண்டிருப்பதையும், பிள்ளை பெற்றிருப்பதையும், காலை ஆகாரம் அருந்துவதையும், ஒரு காரியம் முடிந்துவிட்டதையும், இன்னொரு காரியத்தைச் செய்தே தீரவேண்டியிருப்பதையும் தெரிவிக்க அந்த ஒரே சொல் அங்கே போதுமானதாயிருக்கிறது. வையாகரணிக்கு இது வெறும் பிரயோக விசேஷம். ஆத்ம விசாரத்தில் நாட்டமுள்ளவனுக்கோ, நிலத்தையும் நோயையும் மகவையும் கடனையும் ஒன்றாகச் சேர்க்கும் இச்சொல், மனிதன் எதையேனும் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ள நியாயம் உண்டா, உண்டெனில் அதன் தாத்பரியம் யாது என்ற பழங்கேள்வியை எழுப்பாமல் விடாது.

நாஞ்சில் நாட்டு விவசாயியிடம் நிலபுலன்களைப் பற்றி விசாரித்தால், "எனக்கு ரெண்டு கோட்டை விதைப்பாடு உண்டு" என்பான். விதைக்கும் நெல்லின் அளவைக்கொண்டு வயலைச் சொல்வது அந்நாட்டு வழக்கம். அந்த வாக்கியத்தில் எழுவாயாக நிற்பது வயல். அவனோ நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான். மக்கள் உண்டென்றாலும், வழக்கு உண்டென்றாலும், சுகக்கேடு உண்டென்றாலும் இதே அமைப்புத்தான். பொருள் தானாக இருக்கிறது, மனிதன் அது வந்து தங்கும் இடம் மாத்திரமே என்று, இதைக்கொண்டு நமது பாஷைக்கே வைராக்கியம் கற்பித்துப் பெருமை கொள்ளத் தோன்றும். ஆனால் பக்கத்து வயற்காரன் மண்வெட்டியால் வரப்பில் ஒரு சாண் செதுக்கிவிட்டால், நான்காம் வேற்றுமையில் அடக்கமாக நின்ற அதே மனிதன், வரப்பின் விலையைப் போல் பன்மடங்கு வக்கீலுக்குக் கொடுத்து, நாகர்கோவில் கோர்ட்டுப் படிகளை வருஷக்கணக்கில் ஏறி இறங்கத் தயங்கமாட்டான். மமதையை இலக்கணம் போக்கிவிடாது.

சமயங்கள் சொன்ன விடை பிரசித்தமானது. அனைத்தும் ஈசனால் வியாபிக்கப்பட்டதாகையால் எவருடைய பொருளின்மீதும் ஆசை வைக்கலாகாது என்பது ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் கருத்து. யானென்றும் எனதென்றும் எழும் செருக்கை அறுத்தவனுக்கே உயர்ந்த கதி என்பது திருவள்ளுவர் துணிபு. நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரத்தில் பிறந்த உடைய நங்கையாரின் திருமகனாரான நம்மாழ்வாரும் அதையே உபதேசிக்கிறார். சைவ சித்தாந்திகளோ இறைவனை உடையான் என்றும் உயிர்களை அவனுடைய உடைமை என்றும் வகுத்துவிட்டபடியால், உடைமைக்கு மேலும் ஓர் உடைமை எங்ஙனம் பொருந்தும் என்று கேட்பார்கள். விடை தெளிவுதான், ஆயினும் 'என்னுடையதன்று' என்று சொல்லிவிட்டவன், தன் கையிலேயே இருக்கும் அப்பொருளை என்ன செய்யவேண்டும் என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. இதற்கு இந்நாட்டுச் சரித்திரத்திலேயே இரண்டு திருஷ்டாந்தங்கள் உண்டு.

குளச்சலில் டச்சுக்காரரை 1741இல் முறியடித்து, அண்டை நாடுகள் பலவற்றை வாளால் சேர்த்துத் திருவிதாங்கூரைப் பெருக்கிய மார்த்தாண்ட வர்மர், 1750 ஜனவரியில் அந்த ராஜ்யத்தை ஸ்ரீ பத்மநாபருக்கே தானம் செய்து, சந்நிதியில் வாளை வைத்தெடுத்து, தாமும் தம் வம்சத்தாரும் பத்மநாப தாசராக ஆள்வதென்று சங்கற்பம் செய்துகொண்டார். திருப்படித்தானம் என்பது இதுதான். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் இந்த எண்ணம் கட்டடமாகவே நிற்கிறது: அடித்தளத்தில் பொக்கிஷம், அதன்மேல் அரசரின் பள்ளியறை, எல்லாவற்றுக்கும் மேலே சுவர்ச் சித்திரங்கள் சூழ்ந்த வழிபாட்டு அறை. இதைப் பக்தியென்று போற்றுவோர் ஒரு சாரார்; பெருமாளின் சொத்தாகிவிட்ட நாட்டை எதிர்ப்பது தெய்வத் துரோகமாகிவிடுமாதலால் இது ராஜதந்திரமே என்போர் மற்றொரு சாரார். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்கத் தடையில்லை. எப்படியாயினும், தானத்துக்குப் பின்னும் வரியும் படையும் அரசர் கையிலேயே இருந்தன.

மற்றொன்று மருமக்கள்வழித் தாயம். நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே முன்பு குடும்பச் சொத்து தனியொருவனுக்கு உரியதன்று, குடும்பத் தலைவரான காரணவர் நிர்வகிப்பார், வாரிசுரிமை சகோதரியின் மக்களைச் சேரும், அவர் பெற்ற பிள்ளைகளுக்கோ உகந்துடைமை என்ற பங்கு மாத்திரமே. ஏட்டளவில், எனதென்னும் பற்றுக்கு இதைவிடச் சிறந்த மருந்து இராது. ஆனால் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவியின் வாய்மொழியாக இயற்றிய 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' காட்டும் குடும்பமோ வேறு. அனுபவிக்கும்போது காரணவர் உடையவர். பெற்ற பிள்ளைகளைக் காக்கவேண்டிய வேளையில் அவர் உடையவரல்லர். 1926இல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் மக்களின் உரிமைக்கு வழிசெய்த பின்னரே இந்த முறை மாறலாயிற்று.

ஆகவே, 'என்னுடையது' என்பதைப் போலவே 'என்னுடையதன்று' என்பதும் சுயநலத்துக்கு வசதியான திரையாகலாம். சொல்லைக்கொண்டு ஒருவனை அளக்க இயலாது. அந்தப் பொருளின் பொருட்டு அவன் எவருக்குக் கடமைப்படுகிறான் என்பதைக்கொண்டே அளக்கவேண்டும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் மேல்மடைக்காரனை முதலில் அடைகிறது. தன் பயிர் நனைந்தபின் கடைவரம்புக்காரனுக்கு அதை விட்டுக்கொடுக்கவேண்டிய பொறுப்பும் அவனையே முதலில் அடைகிறது. நிலம் பெருமாளுடையது என்று அவன் நம்பினாலும் சரி, பட்டா தன் பெயரில் இருக்கிறது என்று இறுமாந்தாலும் சரி, அந்தப் பொறுப்பில் குன்றிமணியளவும் குறைவதில்லை.

உடைமையையும், செய்தே தீரவேண்டிய காரியத்தையும் ஒரே வினையால் குறிக்கும் ஆங்கில வழக்கு அகஸ்மாத்தாக அமைந்ததாயிருக்கலாம். ஆயினும் அறத்தின் கணக்கில் அவ்விரண்டும் ஒன்றுதான். எதைக் குறித்து நமக்குக் கடமை ஒன்றும் இல்லையோ, அது நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையும் இல்லை.