நிக்கோடிமஸ்: மண்ணுக்குள் தொடங்கிய ஊர்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நிக்கோடிமஸ் 1877இல் உருவானது. அதன் முதல் குடிகள் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள். அடிமைமுறை ஒழிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் தெற்கே நிலம் பெரும்பாலும் பழைய எஜமானர்களிடமே இருந்தது. மேற்கே நிலைமை வேறு. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் வரை சொந்தமாக்கிக்கொள்ள முடிந்தது.

ஊரைத் திட்டமிட்டவர்களில் டபிள்யூ. ஆர். ஹில் வெள்ளையர், மனை விற்பதே அவர் தொழில். டபிள்யூ. எச். ஸ்மித் கறுப்பினப் போதகர். அவர்களை நம்பி வந்தவர்கள் எல்லிஸ் நகரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வீடு இல்லை, வீடு கட்ட மரமும் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி.

ஆகவே மண்ணையே வீடாக்கினார்கள். சரிவான மேட்டைக் குடைந்து, முன்பக்கம் புல்கட்டியால் சுவர் எழுப்பி, கிளைகளும் புல்லும் பரப்பிய கூரைமேல் மண்ணைக் கொட்டினார்கள். கூரைக்கு மேலே அடுப்பின் புகைபோக்கி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். 1878இல் வந்த வில்லியானா ஹிக்மேன் ஊர் எங்கே என்று கேட்டபோது, தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார்களாம். அவர் அழுதுவிட்டார். சில குடும்பங்கள் வந்த வழியே திரும்பின. உழவுக்குக் குதிரைகள் போதவில்லை. மண்வெட்டியால் புல்தரையைக் கொத்தினார்கள். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடியினர் வேட்டை இறைச்சி கொடுத்து உதவியதாக ஊரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த ஓசேஜ் மக்களும் கான்சஸில் தங்கள் நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இழந்திருந்தார்கள். மக்களை இங்கே அழைத்த விளம்பரத் துண்டறிக்கைகள் இதையெல்லாம் எழுதுமா?

1880களில் கடைகள், தேவாலயங்கள், பள்ளி, இரண்டு செய்தித்தாள்கள் என ஊர் வளர்ந்தது. இங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்வானார். அடுத்த தேவை ரயில். அதற்காக 16,000 டாலர் கடன்பத்திரம் வெளியிட 1887இல் வாக்களித்தார்கள். அந்த ரயில் வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் பாதை சாலமன் ஆற்றின் தென்புறமாகவே போய்விட்டது. வியாபாரிகள் கடைகளைப் போக் என்ற புதிய ரயில் ஊருக்கு மாற்றினார்கள்.

ரயில் நிக்கோடிமஸை அழித்துவிட்டது என்பார்கள். அது பாதி உண்மைதான். அழிந்தது கடைத்தெரு. சுற்றிலும் உழவர்கள் பட்டா வாங்கிய நிலத்தை ரயிலால் கொண்டுபோக முடியவில்லை. பல குடும்பங்கள் அங்கேயே உழுதன. 1939இல் சுண்ணாம்புக்கல்லால் டவுன்ஷிப் மண்டபம் கட்டப்பட்டது. 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊருக்கு, வெளியூர்களில் வாழும் வம்சாவளியினர் ஒவ்வொரு கோடையிலும் விடுதலை விழாவுக்கு வருகிறார்கள்.