வழக்கமும் நீதியும்

அயல்நாட்டில் துணைக் கம்பனி நிறுவும் தாய்க் கம்பனி இரு கடமைகளுக்கு உட்படுகின்றது. சென்ற நாட்டின் வழக்கங்களை மதித்தல் ஒன்று. தன் நாட்டில் அறமெனக் கொண்டதை அங்கும் கைவிடாமை மற்றொன்று. இவ்விரண்டும் முரண்படுமிடத்து எதனைப் பின்பற்றுவது?

முகாமையாளர் பலர் முதலாவதையே தேர்வர். உணவு, வழிபாடு, விடுமுறை, மூத்தோரை விளிக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்தவரை அது சரியே. ஆயின், அநீதியே வழக்கமென நிலைபெற்றிருக்குமிடத்து அவ்விடை போதாது என்பதற்குத் தென்னாபிரிக்கா சான்றாகும். அந்நாட்டு வெள்ளையர் அரசு நிறவொதுக்கலை வெவ்வேறு மக்களினங்களின் 'தனித்தனி வளர்ச்சி' என நியாயப்படுத்தியது. பண்பாட்டு வேறுபாடு என்ற கருத்தே அடக்குமுறைக்குக் கவசமாயிற்று.

பிலடெல்பியா நகரப் போதகரான லியோன் சலிவன் 1971 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் பணிப்பாளர் சபையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவர். அங்கு இயங்கிய அமெரிக்கக் கம்பனிகளுக்காக அவர் 1977 இல் ஆறு கோட்பாடுகளை வெளியிட்டார். உணவறையிலும் தொழிலிடத்திலும் பிரிவினை ஒழித்தல், சமவேலைக்குச் சமசம்பளம், வெள்ளையரல்லாதாருக்குப் பயிற்சியும் உயர்பதவியும் அளித்தல் என்பன அவற்றுட் சில.

இது அந்நியர் தம் விழுமியங்களைத் திணித்தலன்றோ எனச் சிலர் வினவலாம். ஆனால், அங்கு வழக்கமெனப்பட்டது யாருடையது? வாக்குரிமையற்ற பெரும்பான்மையினர்மீது சிறுபான்மையினர் சட்டத்தாற் சுமத்தியது அது. சுமப்போர் தமதென ஏற்காத ஒன்றைப் பண்பாடு எனல் பொருந்தாது.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. தொழிற்சாலைக்குள் சமத்துவம் நிலவினும், அதன் வரிப்பணம் வெளியே நிறவொதுக்கலையே வளர்த்தது. சலிவனும் இதனை உணர்ந்தார். 1985 இல் ஈராண்டுத் தவணை விதித்த அவர், நிறவொதுக்கல் நீங்காமை கண்டு 1987 இல் கம்பனிகளை வெளியேறுமாறு கோரினார்.

எனினும் வெளியேறுதலாலும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. 1986 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் துணைக் கம்பனியை விற்கத் தீர்மானித்தபோது, விற்பனையின் நிபந்தனைகளை எதிர்த்துப் போர்ட் எலிசபெத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களின் பொருட்டெனக் கூறப்பட்ட விலகலிலும் அவர்களின் குரலுக்குப் போதிய இடம் இருக்கவில்லை.

எனவே, அயற்பண்பாட்டை மதித்தல் என்பது ஆள்வோரின் வழக்கத்திற்கு இணங்குதலன்று. தங்கினும் விலகினும், அவ்வழக்கத்தின் சுமையைத் தாங்குவோரைக் கேட்டு ஒழுகுவதே அறமாகும். அக்கேள்வியைத் தவிர்க்கும் முகாமை எத்துணைத் திறமையுடையதாயினும் நீதியுடையதாகாது.