மேழி பிடித்தவர் எங்கே?

1888இல் பெல்காமில் லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் ஒரு சைக்கிள் கடை ஆரம்பித்தார். 1903இல் அவர் பட்டறையிலிருந்து இரும்புக் கலப்பை வெளிவந்தது. இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று பயந்து விவசாயிகள் வாங்கவில்லையாம். அவர் விடவில்லை. 1910இல் கிர்லோஸ்கர்வாடி என்று ஒரு தொழில் ஊரே உருவானது. சின்ன ஊர்ப் பட்டறைக்காரர் மூடநம்பிக்கையை ஜெயித்த கதை என்று இதைச் சொல்கிறார்கள். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனா இந்தக் கதையில் ரெண்டே பேர்தான் இருக்கிறார்கள். கலப்பை செய்கிறவர் ஒருத்தர், வாங்குகிறவர் ஒருத்தர். மேழியைப் பிடித்தவர் எங்கே?

இதே கதை நம்ம பக்கத்தில் இன்னும் முன்னாலேயே நடந்திருக்கிறது. 1865இல் சென்னை அரசாங்கம் சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கியது. சீமைக் கலப்பைகளை அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். 1876இல் விவசாயக் கல்லூரியும் வந்தது. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும். சீமைக் கலப்பை புரட்டிப் போடும். ஆனாலும் குடியானவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. விலை அதிகம், நம்ம மாட்டுக்குப் பாரம், உடைந்தால் ஊர்க் கொல்லரால் சரிசெய்ய முடியாது. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான். ஆனா ஒரு காரணம் விட்டுப்போகிறது.

சைதாப்பேட்டையும் காஞ்சிபுரமும் அன்றைக்கு ஒரே செங்கல்பட்டு மாவட்டம். மிராசு மாவட்டம். தன் நிலத்தில் தானே உழுத குடியானவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனா மிராசுதார் நிலத்தில் இறங்கி உழுதவர் சேரியிலிருந்து வந்த படியாள், கடனுக்குக் கட்டுப்பட்டவர். தமிழ் படிக்கிற மாணவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். உழுகிறவர் உழவர் என்பது இலக்கணம். ஊரில் அவரை யாரும் உழவர் என்று கூப்பிடவில்லை. படி நெல் வாங்குகிறவர், அதனால் படியாள் என்றார்கள். செய்த வேலையின் பெயர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அளந்து போட்ட கூலியின் பெயர்தான் மிஞ்சியது.

கலப்பை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்த கை மேழியைத் தொடவில்லை. மேழியைத் தொட்டவரை யாரும் கேட்கவில்லை. நல்ல கலப்பை வந்து அரை நாளில் உழுது முடித்தால் மிச்ச அரை நாள் யாருடையது? அதுவும் ஆண்டைக்குத்தான். பிறகு அந்தக் கலப்பை மேல் படியாளுக்கு ஏன் ஆசை வரணும்?

கருவி பொதுவானது, நன்மையும் தீமையும் அதைப் பயன்படுத்துகிறவரைப் பொறுத்தது என்று சொல்வார்கள். சரி, பயன்படுத்துகிறவர் என்றால் யார்? கையில் பிடித்திருப்பவரா, பிடிக்கச் சொன்னவரா? காஞ்சிபுரத்துத் தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. தறி நெசவாளி வீட்டிலேயே கிடக்கும். பட்டும் ஜரிகையும் கொடுப்பது முதலாளி. முன்பணம் வாங்கியாச்சு என்றால் தறியில் உட்காருகிற ஆளும் அவர் கணக்கில்தான்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி அரசாங்கத்தின் வாசலுக்கே போனது. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமைக் கொல்லர் பருத்தி வயலுக்கு ஒரு கருவி கண்டுபிடித்தார். அவருடைய எஜமான் ஆஸ்கர் ஸ்டூவர்ட் 1857இல் தனக்குக் காப்புரிமை கேட்டார். அடிமையின் கை உழைப்பு எனக்குச் சொந்தம் என்றால் மூளை உழைப்பும் எனக்குத்தானே என்பது அவர் வாதம். 1858இல் அரசின் தலைமை வழக்கறிஞர் இருவருக்குமே கிடையாது என்றார். அடிமை குடிமகன் இல்லை. எஜமான் கண்டுபிடித்தவர் இல்லை. ஸ்டூவர்ட் சும்மா இருக்கவில்லை. அதே கருவியைச் செய்து விற்றார். அடிமைத்தனம் கறுப்பரின் அறிவை மழுங்கடிக்கவில்லை பார் என்று அதையே விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். நெட்டின் அறிவு நெட்டைக் கட்டிவைக்கவே பயன்பட்டது.

அப்படியானால் கருவியே வேண்டாமா? அது நம் வாதமாக இருக்க முடியாது. இயந்திரத்தைக் குற்றம் சொன்ன காந்திக்கு அம்பேத்கர் பதில் எழுதியிருக்கிறார். மிருகம் மாதிரி உழைப்பதிலிருந்து மனிதரை விடுவிக்க இயந்திரம் வேண்டும், ஓய்வு வேண்டும். குற்றம் இயந்திரத்தில் இல்லை, சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் நிலை. சேற்றில் முதுகு வளைத்தவர்களுக்கு அந்த முதுகு வலியில் பெருமை எதுவும் இல்லை. அதைப் பெருமை என்று பாடியவர்கள் வரப்பில் நின்றவர்கள்.

அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வேறொரு பதிலும் எழுதப்பட்டது. கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பினார். குடியிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, தரிசு நிலம் கேட்டால் மிராசுதார்கள் குறுக்கே நிற்கிறார்கள் என்று காட்டினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. கலப்பையைத் திருத்து என்றது சைதாப்பேட்டைப் பண்ணை. நிலத்தைக் கொடு என்றது இந்த அறிக்கை. ஒரே அரசாங்கம்தான். ஆனா முதல் பதிலை யாரும் எதிர்க்கவில்லை. ரெண்டாவது பதில் காகிதத்தில் வந்தது. நிலம் பல இடங்களில் கை மாறிப்போனது. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். கலப்பை கேட்டு யாரும் சுடப்படவில்லை.

1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அம்பேத்கர் இந்த ரெண்டு பதில்களையும் ஒன்றாகச் சேர்த்தார். நிலம் அரசுடைமை, சாதி பார்க்காமல் கூட்டுப் பண்ணையாகக் குத்தகை. மாடு, கருவி, விதை, எரு எல்லாம் அரசு தரும். நிலமும் கருவியும் ஒரே மூச்சில் கேட்கப்பட வேண்டியவை என்பதுதான் அதன் அறம். நிலமில்லாதவர் கையில் கொடுக்கிற கருவி, நிலமுள்ளவருக்குக் கொடுத்த கருவியாகத்தான் போய்ச்சேரும்.

இன்றைக்கும் டிராக்டருக்கு, பவர் டில்லருக்கு அரசு மானியம் என்று போனால், "சிட்டா இருக்கா, அடங்கல் இருக்கா?" என்று கேட்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உழுத வீட்டில் எடுத்துக் காட்ட அந்தக் காகிதம் மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்று கேட்காமல் விவசாய முன்னேற்றம் பற்றிப் பேசுகிறவர்கள், இன்னும் கலப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.