படியெடுப்பதும் பறிப்பதும்

தொண்ணூறுகளின் கடைசியில் காவிரியின் கடைமடை ஊர்களில் வீடியோ கேம் விளையாடி வளர்ந்தவர்களில், அசல் கேசட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் அநேகமாக இல்லை. பூம்புகாரிலிருந்து பஸ் ஏறிச் சீர்காழிக்கோ மாயவரத்துக்கோ போனால், சைக்கிள் கடை அளவே இருக்கும் ஓர் அறையில் இரண்டு மூன்று டிவியும் அவற்றின் முன்னால் பெஞ்சும் போட்டிருப்பார்கள். மணிக்கணக்கில் வாடகை. கான்ட்ரா, மரியோ, டாங்கி, ரோடு ஃபைட்டர். மஞ்சள் கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில விளையாட்டுகளே வேறு வேறு எண்ணில் திரும்பத் திரும்ப வரும். படம் கோடு கோடாக ஆடினால் கேசட்டை உருவி, அடியில் வரிசையாகத் தெரியும் செம்புப் பற்களில் வாயால் ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். உப்புக்காற்று அந்தப் பற்களில் ஏற்கெனவே பச்சை ஏற்றியிருக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர்கள் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைப்பார்கள்.

அவை எல்லாமே நகல்கள். 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் பெட்டியைப் பார்த்துத் தைவானிலும் சீனாவிலும் செய்த மலிவுப் பெட்டிகள் ஆசியா முழுக்கப் பரவின. 'சாமுராய்' என்ற பெயரில் அனுமதி பெற்ற பெட்டி ஒன்று இந்தியாவில் விற்றது உண்மைதான். எங்கள் பக்கத்துக் கடைகளில் அதைக் கண்டதில்லை. கான்ட்ராவை உருவாக்கிய கொனாமிக்கும், டாங்கி விளையாட்டை உருவாக்கிய நாம்கோவுக்கும் நாங்கள் கொடுத்த வாடகையிலிருந்து ஒரு காசு போகவில்லை. 2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாக வந்தபோது, திருவிழாக் கடையில் வாங்கிய பெட்டியை அதில் மாட்டி விளையாடிய பிள்ளைகளும் இதே வரிசையில்தான் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விற்பவரே வராத ஊரில், வாங்கவில்லை என்ற குற்றச்சாட்டு எப்படி நிற்கும்?

இப்போது கேள்வி வேறு உருவத்தில் வந்திருக்கிறது. என் அக்கா மகன் கைப்பேசியில் எமுலேட்டர் போட்டு அதே கான்ட்ராவை ஆடுகிறான். கல்லூரியில் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "மாமா, இத எறக்கி வெளையாடுறது திருட்டுன்றாங்களே, அப்படியா?" என்று கேட்டான். 'ஆம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். சட்டத்தின் பதில் ஏறக்குறைய அதுதான். ஆனால் அவன் கேட்டது சட்டத்தை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

எமுலேட்டர் என்பது விளையாட்டு அன்று. பழைய பெட்டிக்குள் இருந்த சில்லு எப்படிக் கணக்குப் போட்டதோ, எப்படி நிறத்தையும் ஒலியையும் எழுப்பியதோ, அதை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு மென்பொருள். அதற்குள் மரியோ கிடையாது. மரியோ இருப்பது கேசட்டின் நினைவகத்திலிருந்து உருவி எடுத்த 'ரோம்' கோப்பில். 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். காலை வணக்கம் என்று வாட்ஸப்பில் வந்து விழும் ஒரு பூப்படத்தைவிடச் சிறியது. அமெரிக்காவில் சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், இன்னொருவரின் பெட்டியைப் பிரித்து ஆராய்ந்து எமுலேட்டர் செய்வது தவறில்லை என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. நம்முடைய 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், முறையாகப் பெற்ற நிரலின் இயக்கத்தைக் கவனித்து ஆராய இடம் தருகிறது. சொந்தமாகச் சட்டப்படி வாங்கிய படியிலிருந்து வணிக நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கவும் அனுமதிக்கிறது. வாங்காத விளையாட்டின் ரோமை இறக்குவது அந்த அனுமதிக்குள் வராது. தெரிந்தே திருட்டு நிரலைக் கணினியில் ஓட்டினால் 63பி பிரிவின்படி சிறைத்தண்டனைகூட உண்டு. லாப நோக்கமில்லை என்றால் நீதிமன்றம் அபராதத்தோடு விடலாம். தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போய், திருட்டு விசிடி காலத்தில், 2004-ல், 'வீடியோ பைரேட்'களைக் குண்டர் சட்டத்தின் கீழ் சேர்த்தது.

ஆக அக்கா மகனின் கான்ட்ரா சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூம்புகார்க்காரனாகிய எனக்கு, நகல் என்ற செயலையே குற்றமாகப் பார்க்க முடியவில்லை. எங்கள் ஊரே நகலால் பிழைத்த ஊர். மண்ணில் அகழ்ந்தால் செங்கல் கட்டுமானம் தெரிகிறது. கடலடியிலும் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் எப்படி இருந்தன, எந்தத் தெருவில் யார் என்ன விற்றார்கள் என்பது சிலப்பதிகாரத்தால்தான் தெரிகிறது. அந்த நூலின் முதல் ஏடு நம்மிடம் இல்லை. பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. செல் அரிக்கும், ஒடியும். யாரோ ஒருவர் படியெடுத்தார், அந்தப் படியை இன்னொருவர் படியெடுத்தார். படியெடுத்த யாரும் இளங்கோவின் வாரிசிடம் போய் அனுமதி கேட்கவில்லை. ஏட்டுப் பிரதிகளை ஊர் ஊராகத் தேடி ஒப்பிட்டு, கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1892-ல் அதை அச்சில் கொண்டுவந்தார். படியெடுக்க ஆள் இல்லாத ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டதையும் நெருப்பில் இடப்பட்டதையும் அவரே வேதனையோடு எழுதியிருக்கிறார்.

பனையோலைக்கு முந்நூறு ஆண்டு கெடு என்றால், வீடியோ கேமுக்கு முப்பது ஆண்டுகூட இல்லை. ஆடி முடித்த இடத்தை நினைவில் வைக்கும் கேசட் மின்கலம் வற்றிப்போகிறது. வட்டின் பூச்சு உரிகிறது. பெட்டி உற்பத்தி நின்றால் அசல் வட்டு கையில் இருந்தும் பயனில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன்பு அந்த நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் கிடைக்காது. அதே ஆண்டு மார்ச் 27-ல் நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யு பெட்டிகளுக்கான இணையக் கடையை மூடியது. அங்கு மட்டுமே விற்ற பல சின்ன விளையாட்டுகளுக்கு அன்றோடு வாசல் அடைத்தது. 2024-ல் யுபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியபோது, முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் கையில் வட்டு வெறும் பிளாஸ்டிக்காக மிஞ்சியது. விற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை விற்றவருக்கு உண்டு என்றால், வாங்குவது என்ற செயலுக்கே என்ன பொருள் என்று தெரியவில்லை.

கோப்பை மட்டும் காப்பாற்றினாலும் போதாது என்பதற்கு வாத்துச் சுடும் விளையாட்டு, டக் ஹண்ட், நல்ல சான்று. துப்பாக்கியின் குதிரையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். படக்குழாய் டிவி படத்தை வரையும் வேகத்தை நம்பி அமைத்த ஏற்பாடு அது. இன்றைய தட்டை டிவி கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் அந்தத் துப்பாக்கி அதில் வேலை செய்யாது. எமுலேட்டர் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் கூலியில்லாமல், ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைப் படியெடுத்தவர்களின் வம்சத்தில் வைக்க எனக்குத் தயக்கமில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, மாமா நம் பக்கம் என்று அக்கா மகன் நினைத்துக்கொள்ளக் கூடாது. செத்துப்போன விளையாட்டுக்குச் சொல்லும் நியாயத்தை, நேற்று வெளியான விளையாட்டுக்கும் சேர்த்துச் சொல்வதுதான் இன்றைய வழக்கம். 2024-ல் நிண்டெண்டோ 'யூசு' எமுலேட்டரைச் செய்தவர்கள் மேல் வழக்குத் தொடுத்தது. அவர்கள் 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு கடையைக் கட்டினார்கள். அந்த எமுலேட்டர் ஆட வைத்தது பழைய பெட்டியின் விளையாட்டுகளை அல்ல. கடையில் விற்றுக்கொண்டிருந்த ஸ்விட்ச் பெட்டியின் விளையாட்டுகளை. செல்டா வரிசையின் புது விளையாட்டு ஒன்று வெளியாகும் முன்பே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை இறக்கப்பட்டது என்று நிண்டெண்டோ வழக்கில் சொன்னது. இதைப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

விலையைக் காட்டி ஒரு வாதம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024-ல் பிளேஸ்டேஷன் 5-க்கான பெரிய விளையாட்டு இங்கே 4,999 ரூபாய்க்கு விற்றது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25-ல் தமிழ்நாட்டில் நாள் கூலி 319 ரூபாய். வாய்க்கால் தூர்வாரி, வரப்பு வெட்டிப் பதினைந்து நாளைக்கு மேல் வெயிலில் நின்ற கூலி ஒரு விளையாட்டுக்குச் சரியாய்ப் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டுப் பையன், அரசு கொடுத்த லேப்டாப்பில் வைஸ் சிட்டி என்ற விளையாட்டைப் பென் டிரைவில் வாங்கிப் போட்டு ஆடினான் என்றால், அந்த நிறுவனத்துக்கு வர வேண்டிய காசு எதுவும் குறையவில்லை. எப்படியும் அவன் வாங்கியிருக்க மாட்டான். அந்தப் பையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைவிட, நியூயார்க் விலையை நாகப்பட்டினத்துக்கும் வைப்பவர்களிடம் கேள்வி கேட்கலாம்.

ஆனால் அதே பையன் படித்து, சென்னையிலோ பெங்களூரிலோ நல்ல சம்பளத்தில் அமர்ந்து, வார இறுதியில் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, விளையாட்டை மட்டும் இன்னும் இலவசமாக இறக்குவதை நான் என் உறவிலேயே பார்க்கிறேன். முடியாதபோது செய்தது, முடியும்போதும் தொடர்கிறது. ஸ்டீம் என்ற இணையக் கடை 2015 முதல் ரூபாயில் விலை போடுகிறது. தள்ளுபடிக் காலத்தில் பழைய விளையாட்டுகள் ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கின்றன. இந்த இடத்தில் ஏழ்மையின் பேரைச் சொல்ல ஏழைக்கு மட்டுமே உரிமை உண்டு.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 'வெண்பா' ஞாபகம் வருகிறது. டொரொண்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு 2023-ல் வெளியிட்ட விளையாட்டு. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்த் தாய் ஒருத்தி, தன் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் அழிந்தும் கிழிந்தும் போன இடங்களை ஊகித்து, இட்லியும் புட்டும் செய்து பார்க்கிறாள். விளையாடுபவர் அந்த வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை மாற்றி அடுக்கினால் ஆவி ஏறாது. பின்னணியில் பழைய தமிழ்ப் படப் பாட்டின் சாயலில் இசை. அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை 2024-ல் வென்றது. நம் சமையலறையை, நம் பேச்சை, உலகத்தின் முன்னால் இவ்வளவு அக்கறையோடு வைத்த இன்னொரு விளையாட்டை நான் கண்டதில்லை. அதன் விலை, பெரிய நிறுவனங்களின் விளையாட்டோடு பார்த்தால் மிகக் குறைவு. அதைத் திருட்டுத்தனமாக இறக்கி ஆடிவிட்டு, தமிழில் ஏன் விளையாட்டு வருவதில்லை என்று கேட்பவர்களிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

எனவே என் கணக்கு இதுதான்: செய்தவர் கடை திறந்து வைத்திருக்கும் வரை நகல் பறிப்பு, அவர் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு நகல் நம் கடமை. இரண்டையும் சுற்றிச் சட்டம் ஒரே சுவரை எழுப்பியிருப்பதுதான் சிக்கல். அந்தச் சுவருக்குள் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படம் 1933-ல் வெளியானது. அந்தப் படத்துக்கு மூலமான நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட, படம் நிறுத்தப்பட்டது. படச்சுருள் திருவனந்தபுரத்தில் அந்தப் பதிப்பகத்திடமே கிடந்தது. 1974-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட இல்லாமல் அழிந்துபோக, இந்தப் படம் வழக்கின் புண்ணியத்தில் பிழைத்தது. நாற்பது ஆண்டு யாரும் பார்க்காமல் பிழைத்தது.

இதற்கு மாற்று வழியும் நம்மிடமே இருக்கிறது. பாரதி பாடல்களின் உரிமை யாருக்கு என்று பூசல் எழுந்தபோது, சென்னை மாகாண அரசு 1949-ல் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து உரிமையை வாங்கியது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏ.வி.மெய்யப்பன் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1955-ல் பாரதி எல்லாருக்கும் பொதுவானார். அன்றிலிருந்து எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தருகிறோம். எழுதியவர் வீட்டு அடுப்பும் எரிகிறது, நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். எழுத்துக்கு நாம் கண்டுபிடித்த இந்த ஏற்பாட்டை விளையாட்டுக்கு ஏன் யோசிக்கக் கூடாது?

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும். விளையாட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஹைதராபாத்தில் உருவாக்கி 2009-ல் வெளியான 'ஹனுமான்: பாய் வாரியர்', முழுக்க இந்தியாவில் செய்த முதல் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு. அந்தப் பெட்டியின் உற்பத்தி 2013 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நோக்கியா போன்களுக்காக மும்பையின் இந்தியாகேம்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்த கிரிக்கெட் விளையாட்டுகளின் கதையும் இதுதான். இவை ஒவ்வொன்றின் பிரதியும், ஓட்டிப் பார்க்க ஓர் எமுலேட்டரும், ஒரு படக்குழாய் டிவியும் கன்னிமாராவில் ஓர் அறையில் இருக்க வேண்டும். நூலகச் சீட்டு வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் போய் உட்கார்ந்து ஆடலாம் என்று சட்டம் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் வரும் வரை, அவற்றைத் தன் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக வைத்திருப்பவரைத் திருடர் என்று அழைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.